மனுஷக் கலர்

1

ஈப்போ குடிநுழைவு அலுவலகத்துக்கு நான் அடிக்கடி போகிறவன். முதலில் என் வேலை அனுமதிக்காகப் போனேன், பிறகு மனைவியின் அனுமதிக்காக. நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை கைக்கு வந்த பிறகும் போவது நிற்கவில்லை. தனியார் கல்லூரி ஒன்றில் வெளிநாட்டு மாணவர்களின் அனுமதிகளைக் கவனிப்பதுதான் என் உத்தியோகம்.

இந்தத் திங்கட்கிழமை க்வேசியை அழைத்துக்கொண்டு போனேன். கானா நாட்டவன், இருபத்தாறு வயது, ஓவியம் படிக்க வந்தவன். அவனுடைய மாணவர் அனுமதி முடிந்துவிட்டது. நாட்டை விட்டுப் போவதற்கான தாள் வாங்க வேண்டும். முகப்பில் இருந்த பெண் அவனிடம் கேட்க வேண்டியதை எல்லாம் என்னிடம் கேட்டாள். அவன் மலாயில் பதில் சொன்னான், நல்ல மலாய். அவள் அவனைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதை நான் அதே மலாயில் திருப்பிச் சொன்னதும் தட்டச்சு செய்தாள். ஒரு பதில் இரண்டு வாயிலிருந்து வந்தால்தான் பதிவாகும் என்பதுபோல.

காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் தமிழர்கள் நிறைந்த புந்தோங் பகுதியைச் சேர்ந்த நம் ஆள் ஒருவர் இருந்தார். க்வேசியைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, "சார், இவன எங்க புடிச்சீங்க?" என்றார். மீனைப் பற்றிக் கேட்கிற குரல்.

ஊரில் இருப்பவர்களுக்கு எழுதும்போது, நாங்கள் நலம், பிள்ளை நன்றாகப் படிக்கிறாள், இங்கும் மழை என்று தொடங்குவது என் வழக்கம். மழை மட்டும் உண்மை. இம்முறை க்வேசியைப் பற்றி எழுதுகிறேன்.

2

க்வேசி என்றால் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவன் என்று பொருள். கானாவின் கடற்கரையில் வாழும் ஃபாண்டி மக்கள் பிறந்த கிழமையைப் பெயராக வைக்கிறார்கள். நான் செயலாளராக இருக்கும் முனியாண்டி கோயிலின் ஆட்களுக்கு அந்தப் பெயர் நாக்கில் நிற்கவில்லை. முதல் நாளே காசி என்று ஆக்கிவிட்டார்கள்.

இறுதியாண்டு மாணவர்கள் பொது இடத்தில் ஒரு படைப்பைச் செய்து காட்ட வேண்டும். மதிப்பீட்டுக் குழு வரும் நாளில், மாணவர் எழுதிக் கொடுத்த திட்டத்தில் உள்ளபடியே அது அங்கே நிற்க வேண்டும். இல்லையென்றால் தேர்ச்சி இல்லை. உள்ளூர் மாணவர் அடுத்த பருவம் மறுபடி செய்யலாம். க்வேசியின் அனுமதியை ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்திருந்தோம். இன்னொரு முறை கிடையாது என்பதை அவனிடம் எழுத்தில் கொடுத்ததும் நான்தான்.

அவன் எடுத்துக்கொண்ட பொருள், தன் ஊர் இருநூறு ஆண்டு கழித்து எப்படி இருக்கும் என்பது. இந்த வகைக்கு ஆஃப்ரோஃபியூச்சரிசம் என்று பெயர் என்றான். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். தன் தாள்களை நான் சரிபார்த்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

சிறுவயதில் அவன் பார்த்த ஆப்பிரிக்க எதிர்காலம் இரண்டே வகையாம். ஒன்று வெடித்த நிலமும் எலும்பும் தோலுமான குழந்தைகளும். மற்றொன்று எவனோ ஒரு வெளிநாட்டான் கட்டிய கண்ணாடி நகரம். அதன் சன்னல்களில் இவனுக்குத் தெரிந்த ஒரு முகமும் இருக்காது. கப்பலில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்துகொண்டு தங்களையே எதிர்காலத்துக்குள் வரைய ஆரம்பித்தார்கள். விண்கலத்திலும் கறுப்பு மனிதர்கள், வேறு கோள்களிலும் கறுப்பு மனிதர்கள். அவர்களுக்குக் கடந்த காலத்தையும் சேர்த்துக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது, அதை அறுத்துவிட்டார்கள் அல்லவா என்றான். "எனக்கு அந்தச் சிரமம் இல்லை சார். எங்களுடையது இன்னும் தெருவில் நிற்கிறது. அடுத்தது என்ன செய்திருப்பாய் என்று அதைக் கேட்டால் போதும்."

தெருவில் நிற்பது என்ன என்று கைப்பேசியில் காட்டினான். அவன் ஊரில் மீனவர்கள் படை படையாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒவ்வொரு படைக்கும் ஒரு கொடி, ஒரு முரசு, தெருமுனையில் ஒரு சிமெண்டுக் கோயில். கோயில் மேல் சிங்கம், கப்பல், கடிகாரம், கத்தி பிடித்த காவலர்கள், எல்லாம் கண்ணைப் பறிக்கும் வர்ணத்தில். ஒன்றின் உச்சியில் விமானம் இருந்தது. அதைச் செய்து வைத்த நாளில் அந்தத் தெருவில் ஒருவரும் விமானம் ஏறியதில்லையாம். எதிர்காலத்தை நாங்கள் சிமெண்டில் செய்து வைத்துக் கும்பிட்டோம், ஆங்கிலப் பெயர் பிறகுதான் வந்தது என்றான்.

அவன் திட்டத்தில் அந்தப் படைகள்தான் ஊரைக் கடலிடமிருந்து காக்கின்றன. அலையின் விசையைச் சேமித்து ஓடும் தோணிகள். அடிமைகளை அடைத்து வைத்திருந்த கடற்கரைக் கோட்டை அங்கே உப்புநீரைக் குடிநீராக்கும் ஆலை ஆகிவிட்டது. துறைமுகத்திலிருந்து தங்கமும் கொக்கோவும் மூட்டையாகப் போவதில்லை. என்ன போகலாம், என்ன போகக்கூடாது என்று சந்தைப் பெண்கள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். நடுவில் ஒரு முதிய பெண். தலைவன் யார் என்று சொல்கிறவள் அவள். அவன் சரியில்லை என்றால் இறக்குகிறவளும் அவள். இது கற்பனையா என்று கேட்டேன். பாதி இப்போதே நடக்கிறது, மீதிக்கு மின்சாரம் மட்டும் வேண்டும் என்றான்.

அவனுக்குச் சுவர் கிடைக்கவில்லை. ஈப்போ பழைய பட்டணத்தில் வரையாத சுவர் இல்லை. எல்லாச் சுவரிலும் பழையதுதான்: காப்பி குடிக்கும் கிழவர், சைக்கிள் ஓட்டும் பிள்ளை. சுற்றுப்பயணிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு கடைக்காரர் தொலைபேசியில் சரி என்றவர், ஆளை நேரில் பார்த்ததும் சுவரில் ஈரக்கசிவு இருக்கிறது என்றார். இன்னொருவர் பழைய ரிக்‌ஷா வரைந்தால் தரலாம் என்றார்.

என் மகள் திவ்யா அதே கல்லூரியில் படிக்கிறாள், அவனுடைய தோழி. அவள்தான் வந்து கேட்டாள். "அப்பா, உங்க கோயில் ஹால்ல அவ்ளோ பெரிய தெம்போக் சும்மாத்தானே இருக்கு?" தெம்போக் என்றால் மலாயில் சுவர். திவ்யாவின் தமிழ் இப்படித்தான், பாதி வழியில் வேறு பேருந்தில் ஏறிவிடும். என் அப்பா இறந்தபோது எங்கள் ஊரான துறையூரிலிருந்து தொலைபேசியில் அழுத அத்தையிடம், "தாத்தா முடிஞ்சாச்சா அத்தை?" என்று கேட்டவள். துக்கமாகத்தான் கேட்டாள். அத்தை அதை இன்னும் மறக்கவில்லை.

3

கோயில் ஈப்போவுக்கு வடக்கே, வெள்ளைக்கல் தோட்டம் என்று எங்கள் ஆட்கள் அழைக்கும் இடத்தில் இருக்கிறது. தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் மரங்களைச் சாய்த்து ஒரு பக்கம் செம்பனை போட்டுவிட்டார்கள், மறுபக்கம் வீடமைப்பு வருகிறது. நடுவில் முனியாண்டியும் அவருடைய சிமெண்டுக் குதிரையும் ஒரு மண்டபமும் மிச்சம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள் எல்லாரும் புந்தோங்கிலும் அடுக்குமாடிகளிலும் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகிறார்கள். நான் அங்கே பிறக்காதவன், ஊர்க்காரன்; இந்தியாவிலிருந்து வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். தமிழைப் பிழையில்லாமல் எழுதுவேன் என்பதால் செயலாளர் ஆக்கினார்கள்.

மண்டபத்தின் நீளச் சுவருக்கு எதிரே வீடமைப்பு நிறுவனத்தின் விளம்பரப் பலகை நிற்கிறது. புது வீட்டின் முன் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். எல்லாரும் உரித்த ரம்புத்தான் பழம்போல வெள்ளை நிறம். வெள்ளைக்கல் தோட்டத்தின் எதிர்காலத்தை யாராவது வரைந்திருந்தார்கள் என்றால் அதுதான்.

க்வேசி வந்த அன்று முனியாண்டி முன் வெகுநேரம் நின்றான். கறுத்த மேனி, உருட்டு விழி, கையில் அரிவாள், காலடியில் சுருட்டும் ஒரு போத்தல் ஸ்டவுட் பீரும். பிறகு தன் ஊர்க் காவலர்களின் படத்தை எடுத்து எங்கள் தலைவரிடம் காட்டினான். தலைவர் மாணிக்கம் லாரி குத்தகைக்காரர், அதே தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுக்காரர்களுக்குப் பிறந்தவர், முனியாண்டிக்கு அடுத்தபடி அந்த வளாகத்தில் கறுப்பானவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம சாமிலா இது. அங்க யாரு கொண்டு போனா?" என்றார். சோழர்கள் போயிருப்பார்கள் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. சுவருக்கு அனுமதியும் கிடைத்தது.

இரண்டு மாதம் வரைந்தான். அவனுக்குச் சோறு போட்டவர் அஞ்சலை அக்கா. திருவிழாவில் அண்டா ஏற்றுகிறவர், அறுபதைத் தாண்டியவர், பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பால்வெட்டுக்குப் போனவர். கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த லயத்தில்தான் பிறந்தார். பிறப்பை யாரும் நேரத்தில் பதிவு செய்யவில்லை. ஆகவே அவரிடம் இருப்பதும் சிவப்பு அட்டைதான். நான் விமானத்தில் வந்து இறங்கி வாங்கிய அதே நிறம்.

சுவரின் நடுவில் உட்காரும் முதிய பெண்ணுக்கு அஞ்சலை அக்காவைத்தான் மாதிரியாக வைத்தான். ஃபாண்டிப் பெண்களின் துணி, நெற்றியில் பால்வெட்டுக்காரர்கள் இருட்டில் கட்டிக்கொள்ளும் விளக்கு. அக்காவின் கையைப் பக்கத்தில் நீட்டச் சொல்லி, அதைப் பார்த்துப் பார்த்து நிறம் கலந்தான். நீலமும் சிவப்பும் பழுப்புமாக எத்தனையோ சேர்த்து, கடைசியில் அந்தக் கறுப்பு வந்தது. வெயில் பட்டால் உள்ளிருந்து சூடு தெரிகிற கறுப்பு. சுற்றிலும் அவன் ஊர் ஆட்கள் பாதி, இந்தத் தோட்டத்து ஆட்கள் பாதி. துடுப்பு பிடித்தவனுக்குப் பக்கத்தில் பால் வாளி பிடித்தவள். எங்களையும் யாரும் எதிர்காலத்தில் வரைந்ததில்லை என்று திவ்யா அவனிடம் சொன்னாளாம். இடம் இருக்கிறது, வாருங்கள் என்றானாம்.

அக்கா பிளாஸ்டிக் முக்காலியில் ஆடாமல் உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "நல்லாப் பாத்து வரை காசி. என்னைய ஒரு பய இவ்ளோ நேரம் பாத்ததில்ல" என்றார். சமையல் பெண்கள் விழுந்து சிரித்தார்கள். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அவனும் சிரித்தான். என்ன பேசினாலும் "என்ன சொன்னாங்க சார்?" என்று கேட்பான். நான் விடாமல் சொல்வேன்.

முகங்கள் தெளிவாகத் தெரிய ஆரம்பித்ததும் மாணிக்கம் வந்து பின்னால் கைகட்டி நின்று பார்த்தார்.

"செயலாளர் சார், இருநூறு வருஷம் கழிச்சுமா இந்தக் கலரு?" என்றார். "இப்பவே பிள்ளைங்க க்ரீம் போட்டுப் பாதி தூரம் வந்தாச்சு. அதுக்குள்ள ஜப்பான்காரன் மாரி ஆயிருக்க மாட்டமா?"

அதையும் சொன்னேன். க்வேசி, தன் ஊர்க் கடைகளிலும் அதே க்ரீம் விற்கிறது என்றான். இதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.

4

துறையூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. பெண் பார்க்கும் படங்களுக்குப் பேர் போனது. நெகடிவ் மேல் கூர்மையான பென்சிலால் மெல்லத் தடவி முகத்தை வெளுப்பாக்குவார் உரிமையாளர். கறுப்பு எவ்வளவோ அவ்வளவு நேரம் தடவுவார்.

என் தங்கை வசந்தாவின் படத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். படம் போய், மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வசந்தா காப்பித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை ஒருமுறை பார்த்தாள், கையில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்தாள். "சரி, போட்டோவுல இருக்கிற பொண்ணக் கூப்பிடுங்க" என்றாள்.

வசந்தா தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். வந்தவர்கள் காப்பியை முழுவதும் குடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு அவளுக்கு வேறு இடத்தில் அமைந்தது, நன்றாகத்தான் இருக்கிறாள். போன முறை ஊருக்குப் போனபோது அவள் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அவமானம் என்று அவள் கிழித்துப் போட்டிருப்பாள் என்று நினைத்திருந்தேன். திவ்யா படத்தைப் பார்த்து, இது யார் அத்தை என்று கேட்டாள். "நான்தாண்டி, கல்யாணத்துக்கு முன்னாடி" என்றாள் வசந்தா, பெருமையாக.

5

திருவிழாவுக்கு முந்திய வாரம் வளாகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் புதுச் சாயம் பூசுவது எங்கள் கோயில் வழக்கம். குதிரை, காவலர்கள், தூண்கள், தண்ணீர்த் தொட்டி, எதுவும் விடுபடாது. விடுபட்டால் சாமி குத்தம். அதற்குப் பாகான் செராயிலிருந்து சுப்ரா வருவார். வடக்குப் பேராவில் பாதிக் கோயில் சிலைகள் அவர் கைபட்டவை.

சுப்ராவின் முறை எளிமையானது. வந்ததும் மூன்று வாளி கலந்துகொள்வார். ஒன்று சாமிக் கலர், நீலம். ஒன்று அசுரக் கலர், கறுப்பும் கரும்பழுப்பும். காவல் தெய்வங்களுக்கும் அதுவே. மூன்றாவது மனுஷக் கலர். பக்தர்கள், ராஜா, ராணி, முனிவர், வணங்கி நிற்கும் குடியானவன், எல்லாருக்கும் அந்த ஒரே வாளி. கொய்யாப்பழத்தின் உட்பக்கம் போன்ற ரோஸ். மனுஷர் யாரும் அந்த நிறத்தில் இல்லை என்று எவரும் அவரிடம் சொன்னதில்லை. எனக்கும் இத்தனை வருடங்களில் தோன்றியதில்லை.

மதிப்பீடு வெள்ளிக்கிழமை, திருவிழா ஞாயிற்றுக்கிழமை. சட்டமன்ற உறுப்பினர், இங்கே ஒய்பி என்பார்கள், ஞாயிறு வருவதாக இருந்தது. க்வேசி திங்களன்றே முடித்துவிட்டு அறையில் உறங்கிக்கொண்டிருந்தான். நான் கல்லூரியில் இருந்தேன். புதன் மதியம் மாணிக்கம் அழைத்தார்.

"சார், உங்க காசிக்கு ஒரு உதவி செஞ்சிருக்கோம். வந்து பாருங்க."

நான் க்வேசியையும் திவ்யாவையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

6

சுவரில் கடல் அப்படியே இருந்தது. தோணிகள், கோட்டை, கொடிகள், துணியின் கட்டங்கள், நெற்றி விளக்கு, எதையும் தொடவில்லை. தோல் தெரிந்த இடமெல்லாம் மனுஷக் கலர். முகம், கழுத்து, கை, கால், ஒன்று விடாமல். விளிம்பு தாண்டாத சுத்தமான வேலை. கண்கள் மட்டும் இல்லை. கண்ணைக் கடைசி நாள்தான் வைப்பாராம், சிலைக்கு வைப்பதுபோல.

சுப்ரா தூரிகையைத் துடைத்துக்கொண்டே விளக்கம் சொன்னார். குறை சொல்ல முடியாத மரியாதையோடு பேசினார். "நான் கேட்டேன்ணே, இவங்கல்லாம் யாருன்னு. மனுஷங்கதான்னு தலைவர் சொன்னாரு. அப்பறம் எப்படி அசுரக் கலர்ல விட்டு வைக்கிறது? அந்தப் பையன் பாவம், கறுப்பு ஒண்ணுதான் கிடைச்சிச்சு போல. நம்ம வாளியிலயே போட்டுட்டேன், வெளிய எதுவும் வாங்கல."

மாணிக்கம், இப்போது பரீட்சைக்காரர்களுக்கும் பிடிக்கும், ஒய்பிக்கும் பிடிக்கும் என்றார். பாதி அவர் உண்மையாகவே நம்பினார். மீதிப் பாதி என்ன என்று அவர் கண் எதிரே இருந்த வீட்டு விளம்பரப் பலகைப் பக்கம் போனதில் தெரிந்தது.

க்வேசி சுவரருகே போய் நகத்தால் சுரண்டினான். எண்ணெய்ச் சாயம். அவனுடையது தண்ணீர்ச் சாயம். மேலே உள்ளதை எடுத்தால் அடியில் உள்ளதும் சேர்ந்து உரிந்து வரும். இரண்டு மாதத்தை இரண்டு நாளில் மறுபடி வரைய முடியாது. இதெல்லாம் அவன் சொல்லித் தெரியவில்லை. சுரண்டிய நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில் தெரிந்தது.

அப்போது அஞ்சலை அக்கா சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார். சுவரில் இருந்த தன் முகத்துக்கு நேரே நின்றார். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார், பின்னால் தள்ளிப் போய்ப் பார்த்தார். பிறகு க்வேசியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இப்பத்தான்டா காசி லட்சணமா இருக்கேன். கண்ணு மட்டும் வெச்சாப் போதும்."

"என்ன சொன்னாங்க சார்?" என்று கேட்டான்.

திவ்யா முந்திக்கொண்டு, அவங்களுக்கும் வருத்தம்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் அவளைப் பார்க்காமல் என்னையே பார்த்தான். நான் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். லட்சணம் என்பதற்குச் சரியான ஆங்கிலச் சொல் கிடைக்காமல் இரண்டு சொல் போட்டேன்.

காரில் திரும்பும்போது திவ்யா, "உங்களுக்குப் பொய் சொல்லவே தெரியாதாப்பா?" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் என்னிடம் பேசுவது மலாயில். தேவையானவற்றை மட்டும், கடைக்காரரிடம் பேசுவதுபோல.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வந்தது, மூன்று பேர். கோலாலம்பூரிலிருந்து வந்த பெண்மணிதான் தலைவி. கல்லூரி சார்பில் நான் கோப்போடு நின்றேன். கோயில் சார்பில் மாணிக்கமும், தேநீர்த் தட்டோடு அஞ்சலை அக்காவும் நின்றார்கள். நடுவில் உட்கார்ந்திருப்பது தான்தான் என்று அக்கா சைகையிலேயே அந்த அம்மாளுக்குக் காட்டினார்.

அந்த அம்மாள் சுவரின் முன் இருந்து நகரவே இல்லை. நீர் ஆலையான கோட்டை, படைக் கொடிகள் எல்லாவற்றையும் தாண்டி அவர் கண் முகங்களிலேயே நின்றது. திட்டத்தில் எழுதியிருப்பதைவிட இது மிகத் துணிச்சலானது என்றார். தங்கள் நிறத்தைத் தாங்களே அழித்துக்கொள்ளும் மக்கள், பார்வையும் இல்லாதவர்கள், எதிர்காலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வெளுப்பு ஒரு கிண்டல், அப்படித்தானே என்று கேட்டார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். திட்டத்தை இப்படி மாற்றிக்கொண்டதாக மாணவர் ஒரு வரி சொன்னால் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்றார் ஒருவர்.

திவ்யா பின்னாலிருந்து, ஆமாம்னு சொல்லு, ஆமாம்னு சொல்லு என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

க்வேசி அஞ்சலை அக்காவைப் பார்த்தான். அவர் தட்டை இடுப்பில் தாங்கிக்கொண்டு, எல்லாரும் தன் முகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று புரிந்து சிரித்துக்கொண்டிருந்தார். மதிப்பீட்டாளர்களில் ஒருவர் தமிழர். ஆமாம் என்று இவன் சொன்னால் அந்தக் கிண்டல் என்ன என்று அவர் அக்காவுக்கு விளக்க எவ்வளவு நேரமாகும்?

"முகங்கள் என் வேலை இல்லை" என்றான் க்வேசி. "இவர்களுடைய ஓவியர் செய்தது. அவர் கிண்டலாகச் செய்யவில்லை. மரியாதையாகச் செய்தார்."

அந்த அம்மாளுக்கு ஏமாற்றம். இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்பதுபோல அவனைப் பார்த்தார். படைப்பு ஒப்புக்கொண்ட வடிவில் இல்லை, வேறொருவர் கைபட்டிருக்கிறது என்று எழுதினார்கள். நான் சாட்சியாகக் கையெழுத்திட்டேன். தேநீர் நன்றாக இருந்தது என்று மூவரும் அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அவர்கள் கார் போனதும் மாணிக்கம், "எல்லாம் சரியாச்சா சார்? நம்ம செவுரு புடிச்சிருந்திச்சா?" என்றார். மிகவும் பிடித்திருந்தது என்றேன். அதுவும் பொய்யில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை உறுமி மேளம் முழங்க ஒய்பி வந்தார். அன்று காலையில்தான் சுப்ரா கண்களை வைத்து முடித்திருந்தார், எல்லாருக்கும் ஒரே மாதிரி, பெரிதாக, சாமிக்கு வைப்பதுபோல. மண்டபத்துக்குக் கூரை மாற்றித் தருவதாக ஒய்பி வாக்குக் கொடுத்தார். சுவரைப் பார்த்து, இதுதான் நம் இந்தியச் சமுதாயத்தின் தொலைநோக்கு என்று பேசினார். துடுப்பையும் தோணியையும் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

க்வேசியும் வந்திருந்தான். வராதே என்று திவ்யா சொல்லியும் வந்தான். அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாதாம். தேறவில்லை என்று அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. பரீட்சை எப்படி என்று அவர் கேட்டதற்கு, கற்றுக்கொண்ட தமிழில் "நல்லா இருக்கு அக்கா" என்றான். தட்டு நிறையச் சோறு வைத்தார்.

படம் எடுக்க எல்லாரையும் சுவர் முன் நிறுத்தினார்கள். ஒய்பி நடுவில், பக்கத்தில் மாணிக்கம், சுப்ரா, அஞ்சலை அக்கா. க்வேசி சாப்பிட்ட தட்டோடு ஓரத்தில் நின்றிருந்தான். "காசி, அந்தப் பக்கம் போய் நில்லுலா, செவுரு மறையுது" என்றார் மாணிக்கம், சிரித்த முகமாக. சைகையே போதுமாக இருந்தது. அவன் நகர்ந்து கொடுத்தான்.

கூட்டம் கலைந்ததும் அக்கா திவ்யாவைக் கூப்பிட்டு, அவள் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டச் சொன்னார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சுவரில் இருக்கும் முகத்துக்கு அடியில் அவருடைய முகம்.

"நான் மட்டும் கறுப்பா நிக்கிறேன் பாரு" என்றார். "செவுத்துல இருக்கிற மாரி இதையும் மாத்த முடியுமா பாப்பா? மகனுக்கு அனுப்பணும்."

திவ்யா முடியாது என்றாள். தமிழில், முழு வாக்கியமாக: "என்னால முடியாது அக்கா." ஏன் முடியாது, என் பேத்தி செய்வாளே, ஒரு அழுத்து அழுத்தினால் போதுமே என்றார் அக்கா. திவ்யா கைப்பேசியைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள்.

என்ன கேட்கிறார் என்று க்வேசி என்னிடம் கேட்டான். சொன்னேன்.

அவன் திவ்யாவிடம் கையை நீட்டினான். அவள் தலையசைத்து மறுத்தாள். அவன் கையை இறக்கவில்லை. கடைசியில் கொடுத்தாள். அக்காவின் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு வேலை செய்தான். ஒரு அழுத்தில் முடிகிற வேலையை அப்படிச் செய்யவில்லை. நெற்றி, கன்னம், மூக்கின் நிழல், கழுத்து மடிப்பு என்று பகுதி பகுதியாக, சுவரை நிமிர்ந்து பார்த்துப் பார்த்து, சுப்ராவின் ரோஸுக்குச் சரியாகப் பொருந்தும்படி கொண்டுவந்தான். அக்கா அவன் தோளில் கைவைத்துக் குனிந்து நின்று பார்த்தார். திவ்யா வாசலுக்குப் போய்விட்டாள்.

முடித்து நீட்டினான். அக்கா வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அவன் தலையைத் தடவி, கன்னத்தைத் தொட்டுத் தன் உதட்டில் வைத்துக்கொண்டார்.

"கைகாரன்டா நீ" என்றார். "ஊருக்குப் போறதுக்குள்ள உன்னோட படத்தையும் இதே மாரி ஒண்ணு செஞ்சிக்க சாமி. நல்ல பொண்ணாக் கிடைப்பா."

க்வேசி என்னைப் பார்த்தான். நான் மொழிபெயர்த்தேன்.